உங்கள் கொழுப்பு என்ன சொல்கிறது? லுங்கி கட்டுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லுங்கிக்கு சைஸ் கிடையாது. அதுதான் அதன் சௌகரியம், ஆபத்தும் அதுதான். பேன்ட் போடுகிறவனுக்கு இடுப்பு ஒரு அங்குலம் ஏறினாலே பட்டன் சொல்லிவிடும், பெல்ட்டில் ஓட்டை மாறும். ரங்கூனில் காலையிலிருந்து ராத்திரி வரை லுங்கியிலேயே இருக்கிற நம்மைப் போன்ற ஆட்களுக்கு முன்னால் விழுகிற மடிப்பு கொஞ்சம் சிறுத்துப்போகும், அவ்வளவுதான், அதை யார் உட்கார்ந்து கவனிக்கிறார்கள்? நானும் கவனிக்கவில்லை. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக பேன்ட் தைக்கக் கொடுத்த அன்றைக்குத்தான் தையல்காரர் டேப்பைச் சுற்றிவிட்டு நோட்டில் 38 என்று எழுதினார். என் மனதில் நான் 32. டேப்பைத் தலைகீழாகப் பிடித்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு படித்ததையும், டாக்டர்களை நச்சரித்துக் கேட்டதையும், என் உடம்பிலும் என் தங்கச்சி வீட்டுக்காரர் உடம்பிலும் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, கடை வைத்திருக்கிறவன். ஆனால் இந்த விஷயம் கடைக்காரனுக்கு நன்றாகவே புரியும், ஏனென்றால் இது சரக்கும் கணக்கும் பற்றியது.

நாம் எல்லோரும் கொழுப்பை ஒரு மூட்டை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தின்றதில் மிஞ்சியதை உடம்பு ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கிறது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும். விஞ்ஞானிகளும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள். மூட்டைதான், ஆனால் பேசுகிற மூட்டை. மூளையோடு பேசுகிறது, கல்லீரலோடு பேசுகிறது, தசையோடும் ரத்தக் குழாயோடும் கர்ப்பப்பையோடும் பேசுகிறது. எல்லாம் ரத்தத்தில் கலந்துபோகிற ரசாயனத் தபால். வாய்த்துடுக்குக்காரனை நாம் 'வாய்க்கொழுப்பு' என்று திட்டுகிறோமே, கொழுப்புக்கு உண்மையிலேயே வாய் இருக்கிறது என்று சொன்னவனுக்குத் தெரிந்திருக்காது.

அந்தப் பேச்சைக் காதால் கேட்க முடியாது. ஆனால் எங்கே தொட்டால் தெரியும், எந்த டெஸ்டில் தெரியும், நாம் பதிலுக்கு என்ன சொன்னால் அது கேட்கும் என்பதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை.

முதலில் ஒரு நூலை எடுங்கள்

டேப் இல்லாத வீடு உண்டு, பூக்கட்டுகிற நூல் இல்லாத தமிழ் வீடு இங்கே குறைவு. இழுத்தால் நீளாத நூலாக இருக்கட்டும். சுவரோடு ஒட்டி நில்லுங்கள், தலைமேல் ஒரு புத்தகத்தைப் படுக்கையாக வைத்து, அங்கிருந்து தரை வரை வேறு யாரையாவது நூலைப் பிடிக்கச் சொல்லி வெட்டிக்கொள்ளுங்கள். இது உங்கள் உயரம். அதை இரண்டாக மடித்தால் பாதி உயரம். இந்தப் பாதி நூல் உங்கள் இடுப்பை ஒரு சுற்று சுற்றி முனைகள் தொட வேண்டும். தொடவில்லை என்றால் நடுவில் எத்தனை விரல் இடைவெளி என்று பாருங்கள்.

இடுப்பு என்றால் எந்த இடம் என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், முக்கியமாகத் தங்களையே. லுங்கி முடிச்சு இருக்கும் இடம் இடுப்பு இல்லை. தொப்பை வந்த ஆட்கள் லுங்கியைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவோம், அங்கே அளந்தால் பத்து வருஷமானாலும் அதே அளவுதான் வரும். விலா எலும்பின் கடைசி விளிம்பை விரலால் தேடுங்கள், அப்புறம் பக்கவாட்டில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தேடுங்கள், இரண்டுக்கும் நடுவே அளக்க வேண்டும். முடிச்சை அவிழ்த்துத் தளர்த்திவிட்டு, சாதாரணமாக மூச்சை விட்டபிறகு அளவு எடுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. காலையில் வெறும் வயிற்றில், கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும்.

டேப் இருந்தால், நம் ஆட்களுக்கு, அதாவது தெற்காசியர்களுக்கு, ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு வைத்திருக்கிறது. அங்குலத்தில் சுமார் 35½, 31½. ஐரோப்பிய ஆண்களுக்கு அதே ஆட்கள் 94 செ.மீ. கொடுக்கிறார்கள். நமக்கு ஏன் குறைவு?

என் தங்கச்சி வீட்டுக்காரரைப் பார்த்தால் புரியும். ஆள் 5 அடி 5 அங்குலம், 130 பவுண்டு. கையும் காலும் குச்சி. "நான் என்ன குண்டா, எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே சட்டையைத் தூக்கினார். நூலைச் சுற்றினேன். தொடவில்லை. என் மூன்று விரல் அந்த இடைவெளியில் படுத்துக்கொண்டது. "என்ன மச்சான், கை ரேகை பாக்கிற மாதிரி வயித்துல பாக்கிறீங்க" என்றார். சரி மாப்பிள்ளை, ஜோசியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நான்கு மாதம் கழித்து வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் கல்லீரலில் கொழுப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த உடல்வாகைப் பற்றி ஒரு பிரபலமான படம் இருக்கிறது. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டு 2004-ல் லான்செட் இதழில் வெளியிட்டது. இருவருக்கும் உயரத்துக்கும் எடைக்குமான கணக்கு ஒன்றுதான், பிஎம்ஐ 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை மெஷினில் ஏறி நின்றுவிட்டு நிம்மதியாக இறங்குகிறவர்கள் இந்த இரண்டு எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். நம்மில் பலருக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றுக்குள்.

வயிற்றுக்குள் என்பதையும் கையாலேயே ஓரளவு பார்க்கலாம். தொப்புளுக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் கிள்ளிப் பிடியுங்கள். கைக்குள் வந்து குலுங்குவது தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பு. கிள்ள முடியாமல், ஊதிய பந்து மாதிரி இறுக்கமாக முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிற வயிறு என்றால் சரக்கு உள்ளே, குடலைச் சுற்றி. அந்த இடத்திலிருந்து வடிகிற ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. அதாவது உள்வயிற்றுக் கொழுப்பு என்ன சொன்னாலும் முதலில் கேட்பது கல்லீரல். தொடைக் கொழுப்புக்கு அந்த நேர்வழி இல்லை. அதனால்தான் தொடையும் பிட்டமும் பெரிதாக இருக்கிறவர்களைவிட ஒல்லிக்குச்சியில் பானை மாட்டிய ஆட்களைப் பார்த்து டாக்டர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள்.

மூளைக்குப் போகும் தபால்

இந்தக் கதை சுண்டெலியில் ஆரம்பிக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், பட்டினி டயட் ஏன் தோற்கிறது என்பது இங்கேதான் இருக்கிறது.

1949-ல் அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் அளவே தெரியாமல் தின்று உருண்டு திரண்ட ஒரு எலி வகை தானாகப் பிறந்தது. பின்னால் அதே போல் குண்டான இன்னொரு வகையும் கிடைத்தது. டக்ளஸ் கோல்மன் என்பவர் எலிகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்துத் தைத்தார், இரண்டுக்கும் ரத்தம் கலக்கும்படி. கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கிறது. முதல் வகைக் குண்டெலியைச் சாதாரண எலியோடு தைத்தால் குண்டெலி சாப்பாட்டைக் குறைத்து இளைத்தது. இரண்டாவது வகைக் குண்டெலியைச் சாதாரண எலியோடு தைத்தாலோ, பாவம், சாதாரண எலி சாப்பிடுவதையே விட்டுப் பட்டினியால் செத்தது. கோல்மன் கணக்குப் போட்டார்: ரத்தத்தில் 'போதும்' என்று சொல்கிற ஏதோ ஒன்று ஓடுகிறது. முதல் வகை எலிக்கு அதைச் சொல்லத் தெரியாது. இரண்டாவது வகை ஓயாமல் சொல்கிறது, ஆனால் அதன் மூளைக்குக் காது கேட்காது.

அந்தப் பொருள் எது என்று கண்டுபிடிக்க 1994 ஆயிற்று. நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அதைத் தயாரிக்கச் சொல்கிற மரபணுவைப் பிடித்தது. 'ஒல்லி' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பொருளுக்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது அதைத் தயாரிக்கிற இடத்தைத்தான்: கொழுப்பணு, அதாவது கொழுப்பைச் சேர்த்து வைக்கிற உயிரணு. மூட்டை என்று நினைத்தது ஹார்மோன் சுரக்கிறது.

லெப்டின் சொல்வது எளிமையான செய்தி, 'கையிருப்பு இவ்வளவு'. கொழுப்பணு பெரிதாகப் பெரிதாக லெப்டின் அதிகம், சுருங்கச் சுருங்கக் குறைவு. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற சின்னப் பகுதி இந்தக் கணக்கைப் படித்துப் பார்த்து, பசியைக் கூட்டவா குறைக்கவா, உடம்புச் சூட்டுக்கு எவ்வளவு செலவழிக்கலாம், பிள்ளை பெறுகிற வேலைக்குக் கையிருப்பு தாங்குமா என்றெல்லாம் தீர்மானிக்கிறது. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத குழந்தைகள் உண்டு, மிக மிக அபூர்வம். இங்கிலாந்தில் அப்படி ஒரு சிறுமி 9 வயதில் 90 கிலோவுக்கு மேல் இருந்தாள், லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கி எடை இறங்கியது, 1999-ல் அதை வெளியிட்டார்கள்.

அப்படியானால் நமக்கும் ஒரு ஊசி போட்டால் முடிந்ததே என்று தோன்றும். அதே வருஷம் சாதாரணக் குண்டர்களுக்குப் போட்டும் பார்த்தார்கள், பெரிதாகப் பலனில்லை. ஏனென்றால் நம் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே வழிகிறது. நாம் கோல்மனின் இரண்டாவது எலிக்குத் தூரத்துச் சொந்தம், மூளைக்குக் காது மந்தமாகிவிட்டது. ஆகவே 'லெப்டின் மாத்திரை' என்று இணையத்தில் யாராவது விற்றால் வாங்காதீர்கள். லெப்டின் ஒரு புரதம். வாய்வழியாகப் போனால் வயிற்றில் பருப்பு மாதிரி செரித்துப்போகும். அந்தக் காசுக்குப் பருப்பே வாங்கலாம்.

இப்போது பட்டினி டயட்டுக்கு வருவோம். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கொழுப்பு குறைந்தது கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் லெப்டின் தடாலென்று விழும். அதிகமாக இருக்கும்போது காது கேட்காத அதே மூளைக்கு, குறையும்போது மட்டும் பாம்புக் காது. 'வீட்டில் அரிசி தீர்ந்தது' என்று அலறும். நான் தீமிதிக்கு விரதம் இருந்த ஒரு வருஷம் நாளைக்கு ஒரு வேளை சாப்பிட்டு 7 பவுண்டு இறங்கினேன், பெருமையாக எல்லோரிடமும் சொன்னேன். விரதம் முடிந்த அடுத்த மாதம் 9 பவுண்டு ஏறியது. வாயைக் கட்ட முடியாத ஆள் என்று வீட்டில் பேச்சு. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். சுருங்கிப்போன கொழுப்பணுக்கள் மூளைக்கு மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. விரதம் சாமிக்காக இருங்கள், அது வேறு. எடைக்காக இருக்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த விரதமும் இருக்கக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. எடை குறையும்போது கொழுப்பணுக்களின் எண்ணிக்கை குறைவதில்லை, ஒவ்வொன்றும் சுருங்குகிறது, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு அணு செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கிறது என்று 2008-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஊழியர்கள் மாறுகிறார்கள், நாற்காலிகளின் எண்ணிக்கை மாறுவதில்லை.

அதனால் மெதுவாகக் குறையுங்கள். மாதத்துக்கு மூன்று நான்கு பவுண்டு போதும். இந்த வேகத்திலும் பசி வரும், ஆனால் அலறல் இல்லாமல் முணுமுணுப்போடு நிற்கும். முணுமுணுப்பைச் சமாளிக்கலாம்.

மூட்டை நிரம்பி வழிந்தால்

கொழுப்பணு ஒன்றுக்குள் நடுவில் ஒரு பெரிய எண்ணெய்த் துளி, ஓரத்தில் நசுங்கிய உயிரணுக் கரு, அதுதான் அதன் அமைப்பு. அளவோடு இருக்கும்வரை அது நல்ல குடித்தனக்காரர், அடிபோனெக்டின் என்று ஒரு நல்ல தபால் அனுப்பும். தசையையும் கல்லீரலையும் பார்த்து 'இன்சுலின் சொல்வதைக் கேளுங்கள்' என்று சொல்கிற தபால். வேடிக்கை என்னவென்றால் மற்றவை எல்லாம் கொழுப்பு கூடக் கூடும், இது மட்டும் கொழுப்பு கூடக் குறையும்.

துளி பெருத்துக்கொண்டே போனால் அணுவுக்கு மூச்சு முட்டுகிறது, சில சாகின்றன. செத்த இடத்தைச் சுத்தம் செய்ய ரத்தத்திலிருந்து மேக்ரோஃபேஜ் என்கிற காவல் அணுக்கள் வருகின்றன. வந்தவை போவதில்லை. பருத்த மனிதர்களின் கொழுப்புத் திசுவில் இருக்கும் அணுக்களில் 40 சதவீதம் வரை இவைதான் இருக்கும் என்று 2003-ல் கண்டார்கள். துக்க வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கிவிட்ட சொந்தக்காரர்கள் மாதிரி. இவையும் கொழுப்பும் சேர்ந்து வீக்கத்தைத் தூண்டும் செய்திகளை அனுப்புகின்றன. அதில் டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற ஒன்று இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்பதை 1993-லேயே எலிகளில் பார்த்துவிட்டார்கள். ரத்த அழுத்தத்தைக் கூட்டுகிற பொருளும், ரத்தம் கட்டியானால் கரைய விடாத பொருளும் இதே இடத்திலிருந்து போகின்றன. ஒரே ஆளுக்குச் சர்க்கரை, பிரஷர், கல்லீரல் கொழுப்பு எல்லாம் கோஷ்டியாக வருவது ஏன் என்று கேட்பவர்களுக்கு பதில் பெரும்பாலும் இந்த ஒரே தபால் நிலையம்தான்.

கொழுப்பே இல்லாவிட்டால் நல்லதா? இல்லை. கொழுப்புத் திசு அநேகமாக இல்லாமலே பிறக்கிறவர்கள் உண்டு, அவர்களுக்குக் கடுமையான சர்க்கரை நோயும் கல்லீரல் கொழுப்பும் வருகின்றன. கிடங்கு இல்லாத ஊரில் சரக்கு தெருவில் கிடப்பது போல எண்ணெய் கல்லீரலிலும் தசையிலும் போய் இறங்குகிறது. அவர்களில் சிலருக்குத்தான் லெப்டின் ஊசி உண்மையிலேயே மருந்து, அமெரிக்காவில் 2014-ல் அனுமதி கொடுத்தார்கள்.

பேங்காக் போய்க் கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிடலாமா என்று என்னிடம் ஒருவர் கேட்டார், வசதியான ஆள். 2004-ல் 15 பெண்களிடம் வயிற்றுத் தோலுக்கடியிலிருந்து பத்து கிலோ அளவுக்கு எடுத்துப் பார்த்தார்கள், இரண்டரை மூன்று மாதம் கழித்தும் இன்சுலின் நிலையில் முன்னேற்றம் எதுவும் இல்லை. உறிஞ்சுவது வெளிக்கொழுப்பை. பேசுகிறது உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடிக்காகச் செய்தால் செய்யுங்கள், கல்லீரலுக்காகச் செய்யாதீர்கள்.

டெஸ்ட் எடுக்கப் போனால்

லெப்டின் டெஸ்ட், அடிபோனெக்டின் டெஸ்ட் எல்லாம் நமக்குத் தேவையில்லை, எண் வந்தாலும் அதை வைத்து டாக்டர் எதையும் மாற்றப் போவதில்லை. சாதாரண ரிப்போர்ட்டிலேயே கொழுப்பின் கையெழுத்து இருக்கும். 8 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் போங்கள். டீயும் சாப்பாடுதான், இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் நான் முதல்முறை போனபோது வழியில் ஒரு டீ குடித்துவிட்டுப் போய் ரிப்போர்ட்டைக் கெடுத்துக்கொண்டேன், அங்கேயும் யாரும் கேட்கவில்லை.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-லிருந்து 125-க்குள் இருந்தால் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள், 126-ம் அதற்கு மேலும் என்றால் மறுபடி எடுத்து உறுதி செய்ய வேண்டும். எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற டெஸ்ட், 5.7 முதல் 6.4 வரை என்றாலும் அதே எல்லைக்கோடு. எல்லோரும் கொலஸ்ட்ரால் மொத்தத்தைப் பார்த்துவிட்டுப் பேப்பரை மடிக்கிறார்கள், அதற்குக் கீழே இரண்டு வரி இருக்கிறது, அங்கேதான் நம் விஷயம்: ரத்தத்தில் ஓடுகிற கொழுப்பான ட்ரைகிளிசரைடு 150-ஐத் தாண்டியிருக்கிறதா, 'நல்ல கொலஸ்ட்ரால்' என்கிற எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே இருக்கிறதா. ஒன்று ஏறி மற்றது இறங்கியிருந்தால், கூடவே நூலும் தொடவில்லை என்றால், உள்வயிற்றுக் கொழுப்பு கல்லீரலோடு உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம் கொள்ளலாம். கல்லீரல் அடிபட்டால் ஏறுகிற ஏஎல்டி என்ற எண் கல்லீரல் டெஸ்டில் ஏறியிருந்தாலும் கவனியுங்கள். ஏறாவிட்டால் கொழுப்பு இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம், மாப்பிள்ளைக்கு ஏஎல்டி நார்மலாகத்தான் இருந்தது, ஸ்கேன்தான் காட்டிக்கொடுத்தது.

நாம் திருப்பிச் சொல்வது

பேச்சு ஒருவழிப் பாதை இல்லை. உடம்பும் கொழுப்புக்கு உத்தரவு போடுகிறது. முக்கியமான இரண்டு உத்தரவு: இன்சுலின் 'பூட்டு' என்கிறது, அட்ரினலின் வகை 'திற' என்கிறது. கொழுப்புத் திசுவுக்குள் நரம்பு இழைகளும் ஓடுகின்றன, நடக்கும்போதும் பசித்திருக்கும்போதும் அவை வழியாகத் திறக்கச் சொல்லி ஆணை வரும்.

இதை வைத்துக்கொண்டு நம் டீக்கடையைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு ஒன்று, கடை திறக்குமுன் ஒன்று, யாராவது வந்தால் ஒன்று, அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. ஒவ்வொரு கப்பின் அடியிலும் கண்டென்ஸ்ட் மில்க், அதில் பாதிக்குமேல் சர்க்கரை. ஒவ்வொரு கப்புக்கும் இன்சுலின் எழுந்து வந்து பூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. நாள் முழுக்கக் கிடங்கு பூட்டியே இருந்தால் சரக்கு எப்போது வெளியே போகும்? நான் டீயை விடவில்லை, விடவும் முடியாது, பாதி சமாச்சாரம் அங்கேதான் தெரிகிறது. ஒரு நாளில் ஒரே ஒரு தித்திப்பு டீ, மற்ற நேரம் மேசையில் சும்மா வைத்திருக்கிற வெறும் பச்சை டீ. அது இலவசம் வேறு. இந்த ஒரு மாற்றம்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பலன் கொடுத்தது என்று நம்புகிறேன்.

அடுத்தது எண்ணெய். பர்மியக் குழம்பு எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதிக்க வேண்டும், அதுதான் பக்குவம், நம் வீடுகளிலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. பக்குவத்தை மாற்ற வேண்டாம். இறக்கிய பிறகு சட்டியைச் சாய்த்து, குழிக்கரண்டியின் முதுகால் கறியை ஒதுக்கி, மேலே நிற்கிறதை ஒரு கிண்ணத்தில் வடித்துவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்குச் சுமார் 120 கலோரி. என் மனைவி ஒரு மாதம் வடித்ததைச் சேர்த்து வைத்துக் காட்டினாள், கிட்டத்தட்ட அரை வீசை, முக்கால் கிலோவுக்கு மேல். அதைத்தான் போன மாதம்வரை சோற்றில் பிசைந்து தின்றுகொண்டிருந்தோம். மொஹிங்காவைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, மீனும் வாழைத்தண்டும் போட்ட குழம்பு. அதில் நொறுக்கிப் போடுகிற வடையும், பக்கத்தில் வந்து உட்காருகிற இச்சாக்குவே என்கிற எண்ணெயில் பொரித்த மாவுக் குச்சியும்தான் பிரச்சினை.

தூக்கத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. 2004-ல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள், லெப்டின் 18 சதவீதம் இறங்கியது, வயிற்றிலிருந்து வருகிற பசி ஹார்மோன் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. சின்ன ஆராய்ச்சிதான், பின்னால் வந்தவற்றில் முடிவுகள் கலந்து இருக்கின்றன. ஆனால் கரண்ட் போய், விசிறி நின்று, விடிய விடியப் புரண்டுவிட்டு எழுந்த மறுநாள் காலையில் நாம் எதைத் தேடி ஓடுகிறோம் என்று பார்த்தால் எனக்கு அது பொய்யாகத் தெரியவில்லை. அப்படிப்பட்ட மறுநாளில் பசியை நம்பாதீர்கள், தட்டை முன்கூட்டியே அளந்து போட்டுக்கொள்ளுங்கள்.

நடை. கண்டோஜி ஏரிப் பக்கம் காலையில் நடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், பாதிப் பேர் போனில் பேசிக்கொண்டே நகர்வார்கள். பேசலாம், பாட முடியாத வேகத்தில் நடக்க வேண்டும். வேலை செய்கிற தசையும் பேசுகிறது, இன்டர்லூகின்-6 என்ற தபாலை அனுப்புகிறது. டென்மார்க்கில் 12 வாரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள், வயிற்றுக்குள் இருந்த கொழுப்பு குறைந்தது. இன்னொரு பிரிவினருக்கு அந்தத் தபால் போய்ச் சேராமல் தடுக்கிற மருந்தைக் கொடுத்து அதே சைக்கிளை மிதிக்க வைத்தார்கள், உள்கொழுப்பு குறையவில்லை. 2019-ல் வந்தது இது. எரிந்த கலோரியைவிட, தசை அனுப்பிய சொல்லுக்குத்தான் அங்கே மதிப்பு.

சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்டதையும் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்களின் உடம்பில் பார்த்தது என்பதால். எல்லைக்கோட்டில் நின்றவர்களுக்குச் சாப்பாட்டிலும் நடையிலும் மாற்றம் சொல்லி மூன்று வருஷம் பார்த்தார்கள், சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. எடை பெரிதாக இறங்காமலேயே. அதனால் மெஷின் முள் நகரவில்லை என்று நடையை நிறுத்திவிடாதீர்கள். மெஷினை ஒதுக்கிவிட்டு நூலைப் பாருங்கள்.

வீட்டுப் பெண்கள் விஷயம்

பெண்களுக்கு இந்தத் தபால் இன்னும் நெருக்கமானது. கையிருப்பு ரொம்பக் குறைந்தால் மாதவிலக்கு நின்றுபோவது, லெப்டின் 'இப்போது வேண்டாம்' என்று சொல்வதால். மாதவிலக்கு நின்ற வயதுக்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன் முக்கியமாகத் தயாராகிற இடமே கொழுப்புத் திசுதான், அதே சமயத்தில் கொழுப்பு தொடையிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுகிறது. ஆகவே அம்மாமார்களுக்கும் அந்த நூல் வேண்டும், பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டுகிற தமெய்னும் லுங்கி மாதிரியே எதையும் காட்டிக்கொடுக்காது. நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும், கூச்சப்படாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கொழுப்பு தருகிற ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பை உள்சுவரை ஓயாமல் தூண்டினால் அங்கே புற்று வரும் வாய்ப்பு கூடுகிறது.

எதுவும் மாற்றாமலே எடை தானாக இறங்கினாலும் சந்தோஷப்படாதீர்கள், அதுவும் டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்.

நூலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு நூலும் முருகன் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகின்றன, என்னுடையதில் ஒரு முடிச்சு, மாப்பிள்ளையுடையதில் இரண்டு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அளவு. எனக்கு இப்போது ஒரு விரல் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு மூன்று விரல் இரண்டாகி, போன மாதம் ஒன்றரையில் வந்து அப்படியே நிற்கிறது. "மழைக்காலத்துல நூல் சுருங்கிடும் மச்சான், வேற ஒண்ணு வெட்டுங்க" என்கிறார்.